முறைகேட்டை வெளியே சொன்ன அரசாங்க ஊழியருக்கு நியாயமான விசாரணை கிடைக்குமா?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால், அமெரிக்க உளவு அமைப்பின் இரகசியக் கண்காணிப்பை 2013இல் அம்பலப்படுத்திவிட்டு ரஷ்யாவில் தங்கிவிட்ட எட்வர்ட் ஸ்னோடனைப் பற்றியது. தம் மீது தவறில்லை என்று அவர் உண்மையிலேயே நம்பினால், மாஸ்கோவில் உட்கார்ந்திருக்காமல் அமெரிக்காவுக்குத் திரும்பி வழக்கைச் சந்திக்க வேண்டியதுதானே என்று உங்கள் அண்ணன் கேட்டதாகவும், அதற்குச் சட்டென்று மறுமொழி சொல்ல வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும், நீங்கள் சிலாங்கூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்வதாகவும், "நம் ஊரில் இப்படி ஒருவர் மாட்டிக்கொண்டால் அவருக்கு நியாயம் கிடைக்குமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. ஸ்னோடனுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதிக இடம் கடைசி வரிக்கே.

என் எல்லையை முதலில் சொல்லிவிடுவது முறை. கோலாலம்பூர் நீதிமன்றங்களில் 23 ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளையும், அரசாங்க ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளையும் நடத்தி வருகிறேன். அமெரிக்க, பிரிட்டிஷ் வழக்குகளைத் தீர்ப்புகளின் வழியாகப் படித்தவனே தவிர, அங்கே வாதாடியவன் அல்லன். நம் நாட்டு நிலவரத்தைச் சொல்லும்போது அனுபவத்தில் பேசுகிறேன், வெளிநாட்டைச் சொல்லும்போது படிப்பில் பேசுகிறேன் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயமான விசாரணை என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கைநீட்டாத நீதிபதி, விருப்பமான வழக்கறிஞர், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, தோற்றால் மேல்முறையீடு ஆகியவை முதல் பொருள். இந்தப் பொருளில் கேட்டால், மலேசியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் கிடைக்கும் என்றே சொல்வேன். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் பொறுமையாக நாள்கணக்கில் சாட்சியம் கேட்டுக் குறிப்பெடுக்கும் செஷன்ஸ் நீதிபதிகளை நான் பார்த்திருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் தாம் ஏன் அதைச் செய்தார் என்று சொல்லவும், அந்தக் காரணத்தை நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்கவும் சட்டம் இடம் தருகிறதா என்பது இரண்டாவது பொருள். கொலை வழக்கில்கூட உயிரைக் காத்துக்கொள்ளவே தாக்கினேன் என்று வாதாடலாம். அவதூறு வழக்கில் நான் எழுதியது உண்மை என்று வாதாடலாம். அரசாங்க இரகசிய வழக்கில் அப்படி இல்லை. அந்தத் தாளைக் கொடுத்தாயா இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது. தாளில் இருந்தது உண்மையா, யாருடைய திருட்டை அது காட்டியது என்பதெல்லாம், எவ்வளவு நல்ல நீதிபதியாக இருந்தாலும், அவர் முன் வராமலே போகலாம்.

அமெரிக்காவில் இது எப்படி நடக்கும் என்பதற்கு டேனியல் எல்ஸ்பெர்க்கின் வழக்கு இன்றைக்கும் முதல் பாடம். வியட்நாம் போரைப் பற்றிய சுமார் 7,000 பக்க இரகசிய ஆய்வைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த அவர் மீது, 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழும் வேறு சட்டங்களின் கீழும், எல்லாம் சேர்த்து 115 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றச்சாட்டுகள் இருந்தன. சாட்சிக் கூண்டில் ஏறிய அவரிடம், அந்த ஆவணங்களை ஏன் நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞரே கேட்டபோது, அரசுத் தரப்பு எழுந்து ஆட்சேபித்தது. நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார். 1973 மே 11 அன்று வழக்கு தள்ளுபடியானது உண்மைதான். ஆனால் அது எல்ஸ்பெர்க்கின் காரணம் காதில் ஏறியதால் அல்ல. வெள்ளை மாளிகையின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தைக் கள்ளத்தனமாக உடைத்து நுழைந்ததும், அவருடைய தொலைபேசி உரையாடல் ஒட்டுக்கேட்கப்பட்டதும் அம்பலமானதால்தான். அரசாங்கம் அவ்வளவு தூரம் அத்துமீறாமல் இருந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்னோடன் மீது 2013 ஜூனில் சுமத்தப்பட்ட மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு அதே உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒவ்வொன்றுக்கும் பத்து ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டத்தில், எதிரி நாட்டுக்கு விற்றவரும் தன் நாட்டு மக்களுக்குச் சொன்னவரும் ஒரே கூண்டில்தான் நிற்கிறார்கள். அவர் வெளிப்படுத்திய தொலைபேசிப் பதிவுத் திரட்டு சட்டவிரோதமானது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2020இல் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பினாலும், அதுவே அவரை விடுவிக்கும் வாதமாக ஆகிவிடாது. பொதுநலனுக்காகச் செய்தேன் என்று ஜூரியிடம் சொல்ல அனுமதித்தால் வருகிறேன் என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை. அதை வீம்பு என்று உங்கள் அண்ணன் நினைக்கலாம். நான் அவருடைய வழக்கறிஞராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் செய்தது எல்லாமே சரி என்று இதற்குப் பொருளில்லை. அவர் கொண்டுபோன ஆவணங்களில் பொதுமக்களுக்குச் சம்பந்தமில்லாத உளவு நடவடிக்கைகளும் இருந்தன என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டையும் அவருடைய நியாயத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் நீதிமன்றம் அங்கே அவருக்குக் கிடைக்காது.

ஊரை விட்டு ஓடாமல் நின்றவர்களின் கதை அவ்வளவு ஊக்கமளிப்பதாக இல்லை. இரகசிய ஆவணங்களைப் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த ரியாலிட்டி வின்னருக்கு 2018இல் 63 மாதம், டேனியல் ஹேலுக்கு 2021இல் 45 மாதம். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். சொல்ல விரும்பியதைச் சொல்ல முடியாத விசாரணைக்கு யார்தான் காத்திருப்பார்கள்? தாமஸ் டிரேக் என்ற உளவுத்துறை அதிகாரி மீது 2010இல் போட்ட பத்துக் குற்றச்சாட்டுகளும் 2011இல் கரைந்துபோய், ஒரே ஒரு சிறு குற்றமாகச் சுருங்கியது. சிறை இல்லை. ஆனால் வேலையும் சேமிப்பும் போய், அவர் ஆப்பிள் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வென்ற வழக்கு என்று அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பிரிட்டனில் மட்டும் ஒரு வேடிக்கை நடந்தது. பால்க்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டதைப் பற்றி நாடாளுமன்றத்துக்கு முழு உண்மை சொல்லப்படவில்லை என்று கருதிய கிளைவ் பாண்டிங் என்ற தற்காப்பு அமைச்சு அதிகாரி, ஆவணங்களை ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அஞ்சலில் அனுப்பினார். நாட்டின் நலன் என்பது அன்றைய அரசாங்கம் எதை நலன் என்கிறதோ அதுதான் என்று நீதிபதி ஜூரிக்கு விளக்கியும், 1985இல் ஜூரி அவரை விடுவித்தது. அடுத்து வந்த 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இரகசிய மின்னஞ்சல் ஒன்றை வெளியே கொடுத்த பிரிட்டிஷ் உளவுத்துறை ஊழியர் கேத்தரின் கன்னின் வழக்கில், 2004 பிப்ரவரியில், அரசுத் தரப்பு சாட்சியம் எதையும் முன்வைக்காமலே பின்வாங்கியது. இவற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சட்டம் கதவைச் சாத்தினாலும் பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் ஜன்னலைத் திறந்துவிட முடியும் என்ற வாய்ப்பு நமக்கு இல்லை. மரண தண்டனைக் குற்றங்களுக்கு மட்டும் எஞ்சியிருந்த ஜூரி முறையும் மலேசியாவில் 1995இல் எடுக்கப்பட்டுவிட்டது. இங்கே சட்டத்தின் வாசகமும் அதைப் படிக்கும் ஒரு நீதிபதியும்தான்.

அந்த வாசகத்துக்கு வருகிறேன். 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தில், அமைச்சரவை ஆவணம், மாநில ஆட்சிக்குழு ஆவணம், பாதுகாப்பு, வெளியுறவு தொடர்பானவை என்று அட்டவணையில் இருப்பவை தாமாகவே இரகசியம். அவற்றைத் தவிர, நியமிக்கப்பட்ட ஓர் அதிகாரி ரஹ்சியா பெசார் (மிக இரகசியம்), ரஹ்சியா (இரகசியம்), சூலிட் (அந்தரங்கம்), தெர்ஹாட் (வரையறைக்குட்பட்டது) என்று நான்கில் ஒரு முத்திரையைக் குத்திவிட்டால் எந்தத் தாளும் இரகசியமாகிவிடும். அதை உரிமையில்லாத ஒருவருக்குக் கொடுத்தால் எட்டாவது பிரிவின் கீழ் குறைந்தது ஓராண்டு, கூடினால் ஏழாண்டு சிறை. அபராதத்தோடு விட்டுவிடும் வழியை 1986ஆம் ஆண்டுத் திருத்தம் மூடியது. அதே திருத்தம் கொண்டுவந்த 16ஏ பிரிவு இன்னும் கனமானது. இது இரகசியம்தான் என்று அமைச்சரோ அதிகாரியோ சான்றிதழ் கொடுத்தால் அதுவே முடிவு. எந்த நீதிமன்றத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது அந்தப் பிரிவு. இத்தனைக்கும் 1978இலேயே, பி.ஏ. ராவ் எதிர் சபுரான் கவுர் வழக்கில், மருத்துவமனை மரணம் ஒன்றின் விசாரணை அறிக்கையைக் காட்ட முடியாது என்று அரசாங்கம் மறுத்தபோது, காட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம்தான் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது. எட்டே ஆண்டுகளில், முத்திரை குத்திய தாள்களைப் பொறுத்தவரை, அந்த வாசலில் பூட்டுத் தொங்கியது.

அந்த முத்திரை என்ன செய்யும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில், ஒரு சரக்கறை எழுத்தர் என் அலுவலகத்துக்கு வந்தார். எந்தத் துறை என்பதை விட்டுவிடுகிறேன். கையில் மளிகைக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள் பழைய நாளிதழில் சுற்றிய பதினொரு தாள். வாங்காத நாற்காலிகளுக்குப் பணம் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டே பிரித்து என் மேசைமேல் பரப்பப் போனார். முதல் தாளின் வலது மேல் மூலையில், சிவப்பு மை கொஞ்சம் கலங்கி, சூலிட் என்று இருந்தது. நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அண்ணே, அதை மடியிலேயே வெச்சுக்குங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கொடுப்பது மட்டுமல்ல, தெரிந்தே வாங்குவதும் அந்தச் சட்டத்தில் குற்றம் என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் இன்னொன்றைச் சொன்னார்: இரண்டு தாள்களைப் படம் பிடித்து, தெரிந்த நிருபர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. நாற்காலி எண்ணிக்கையில் தேசப் பாதுகாப்பு என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 16ஏ பிரிவின்படி எந்த நீதிபதியும் கேட்கக்கூடாத கேள்வி அது.

சரி, தகவல் அளிப்போரைப் பாதுகாக்க 2010இல் வந்த சட்டம் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, பயனுள்ள சட்டமும்கூட. முறைகேட்டை அமலாக்க அமைப்பு ஒன்றிடம் தெரிவித்தவரின் அடையாளத்தை மறைக்க வேண்டும். அவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்கக் கூடாது. வேலையிடத்தில் அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆனால் 2010இன் மூல வாசகத்தின்படி, அந்தக் குடைக்குள் நிற்க மூன்று நிபந்தனைகளைத் தாண்ட வேண்டும். நீங்கள் தட்டும் கதவு ஊழல் தடுப்பு ஆணையம், போலீஸ், சுங்கத்துறை போன்ற அமலாக்க அமைப்பாக இருக்க வேண்டும். பத்திரிகையோ நாடாளுமன்ற உறுப்பினரோ முகநூலோ அந்தக் கணக்கில் வராது. அடுத்து, வேறு எந்த எழுத்துச் சட்டமும் அந்த வெளிப்படுத்தலைக் குறிப்பாகத் தடை செய்திருக்கக் கூடாது. இரகசியச் சட்டம் ஒன்று. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 203ஏ பிரிவு இன்னொன்று. கடமையின்போது அறிந்த எந்தத் தகவலை வெளியிட்டாலும் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது அந்த 203ஏ. மூன்றாவது நிபந்தனைதான் என் அனுபவத்தில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: அந்த முறைகேட்டில் உங்களுக்கே பங்கிருந்தால் பாதுகாப்பு பறிபோகும். நாற்காலி வரவில்லை என்று அந்த எழுத்தருக்கு எப்படித் தெரியும்? வந்துவிட்டது என்று டெலிவரி ஆர்டரில் மேலதிகாரி சொன்னபடி கையெழுத்துப் போட்டவரே அவர்தான். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியுமோ, அவர் கையில் கொஞ்சமாவது மை ஒட்டியிருக்கும். இந்தச் சட்டத்துக்கு 2025இல் நாடாளுமன்றத்தில் திருத்தம் நிறைவேறியது. ஆகவே நான் சொல்லும் மூல வாசகத்தை மட்டும் நம்பி எதையும் செய்யாமல், செயல்படும் நாளில் நடப்பிலிருக்கும் வாசகத்தைக் கையில் வைத்துப் பாருங்கள்.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஐயத்துக்குரியதையும் பிரிக்கிறேன். நம் மேல் நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு அரசாங்கத்தின் பக்கம் சாய்வதில்லை என்பது பதிவில் உள்ள உண்மை. ஊழல் தடுப்பு நிறுவனத்தின் அறிக்கைகளை வெளியிட்டதற்காக எதிர்க்கட்சி அரசியல்வாதி இசாம் முகமட் நோருக்கு 2002இல் விதிக்கப்பட்ட இரண்டாண்டுச் சிறையை, 2004இல் உயர் நீதிமன்றம் நீக்கி அவரை விடுவித்தது. தேசிய ஃபீட்லாட் நிறுவனம் என்ற மாட்டுப்பண்ணைத் திட்ட விவகாரத்தில் வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்டதாக 2012இல் குற்றம் சாட்டப்பட்ட அரசியல்வாதி ரபிசி ரம்லிக்கும் ஒரு வங்கி எழுத்தருக்கும் 2018 பிப்ரவரியில் தலா 30 மாதம் விதிக்கப்பட்டது. 2019 நவம்பரில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. விடுதலை கிடைத்தது, ஏழாண்டு கழித்து. அரசியல்வாதிக்கு அந்த ஏழாண்டில் மேடையும் ஆதரவாளரும் உண்டு. அந்த வங்கி எழுத்தருக்கு என்ன இருந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன். 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் கணக்காய்வு அறிக்கையின் ஒரே ஒரு பக்கம், 98ஆம் பக்கம், அதற்காக ரபிசிக்கு 2016 நவம்பரில் செஷன்ஸ் நீதிமன்றம் 18 மாதச் சிறை விதித்ததையும், பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நன்னடத்தைப் பிணையாக மாற்றியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கை முழுவதும் 2018 மே மாதத்தில் இரகசியப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, யாரும் படிக்கலாம் என்றானது. தாளும் எழுத்தும் மாறவில்லை. ஆட்சி மட்டும்தான் மாறியிருந்தது.

16ஏ பிரிவு இன்றைக்குச் சோதிக்கப்பட்டால் நிற்குமா என்பது ஐயத்துக்குரியது. நீதித்துறையின் அதிகாரத்தை நாடாளுமன்றம் எடுத்துவிட முடியாது என்று 2017இல் செமினி ஜெயா வழக்கிலும், 2018இல் இந்திரா காந்தி வழக்கிலும் கூட்டரசு நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு, 2021இல் மரியா சின் வழக்கில் குடிநுழைவுச் சட்டத்தின் இதே மாதிரியான பிரிவைப் பெரும்பான்மை நீதிபதிகள் செல்லும் என்றதைக் காட்டும். இரண்டு பக்கமும் கனமான வாதம். அந்தச் சோதனை வழக்காக என் கட்சிக்காரர் இருக்க வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். முத்திரையிட்ட தாளை ஊழல் தடுப்பு ஆணையத்திடமே கொண்டுபோய்க் கொடுப்பது குற்றமா என்பதும் அப்படியே. குற்றமாகக் கருதக் கூடாது என்பது என் கருத்து; ஆனால் வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி சட்டத்துறைத் தலைவரின் கையில் இருப்பதால், என் கருத்து யாருக்கும் கேடயமாகாது.

வெளிநாட்டில் வேறு வழி இல்லாமலும் இல்லை. மால்டோவாவில், தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் கடிதங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்து வேலை இழந்த குஜா என்பவரின் வழக்கில், 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்: முதலில் சொல்ல வேறு இடம் இருந்ததா, தகவல் உண்மையா, மக்களுக்குத் தேவையானதா, அதனால் விளைந்த கேடு எவ்வளவு, சொன்னவரின் நோக்கம் என்ன, தண்டனை அளவுக்கு மீறியதா. அண்ணன் கற்பனை செய்யும் நியாயமான விசாரணை இதுதான். அது நம்மைக் கட்டுப்படுத்தாது. நம் சட்டத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமும் இல்லை, தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்றாடும் கட்டத்தைத் தவிர.

நீதிமன்றத்துக்கே போகாத வழக்குகள்தான் பெரும்பான்மை என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த சரக்கறை எழுத்தர் மீது குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. சூராட் துன்ஜுக் செபாப் வந்தது, விளக்கம் கேட்டு. அரசியலமைப்பின் 135ஆவது விதிப்படி, தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது என்பதால், யாரும் அதைச் செய்யவில்லை. வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். மாற்றல் தண்டனை அல்லவாம். இரண்டு ஆண்டு மோட்டார்சைக்கிளில் போய்வந்துவிட்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டார். நாற்காலிகளைப் பற்றி யாராவது விசாரித்தார்களா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆகவே உங்கள் அலுவலகத்தில் ஏதேனும் கண்ணில் பட்டிருந்தால், நகலெடுப்பதற்கும் படம் பிடிப்பதற்கும் நண்பரிடம் சொல்வதற்கும் முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கையில் பணமில்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டுச் சொல்வதற்குச் சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு பாதுகாப்பு உண்டு. தாளைக் கொடுப்பதற்கு அந்தப் பாதுகாப்பு நீளும் என்று எண்ணிவிடாதீர்கள். என்ன பார்த்தீர்கள், எந்தக் கோப்பில், எந்த மாதத்தில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, தாளை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஆணையத்துக்குப் போவது என்று முடிவானால், கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுவதே பல நேரங்களில் போதும். அதை எடுத்துவர அவர்களுக்கு அதிகாரம் உண்டு, உங்களுக்கு இல்லை. பாதுகாப்பு எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதியிலிருந்து என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்கு எழுதுவதாக இருந்தால் முத்திரை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள். படம் எதையும் இணைக்க வேண்டாம்.